எஸ்தரக்காவின் நீல நோட்டில் எட்டுப் பாட்டு

பாசமுள்ள எஸ்தரக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இங்கே மலையில் கோடை சீசன் தொடங்கிவிட்டது. ஏரிச்சாலையில் நடக்க இடமில்லை. பெருமாள்மலை வரைக்கும் வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. என் ஜெராக்ஸ் கடையில் ஆதார் அட்டையோடு வருகிறவர்களைச் சமாளிக்கவே பொழுது போய்விடுகிறது. ஆனாலும் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கேட்க வேண்டியதும் இருக்கிறது.

உன்னை அடக்கம் செய்த ஐந்தாம் நாள், சர்ச் பாடகர் குழுவை நடத்தும் ஜெயசீலன் சார் கடைக்கு வந்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“தம்பி, அக்காவோட நீல நோட்டு ஒண்ணு இருக்கும். வெரசா ஒரு காப்பி எடுத்துக் குடுங்களேன். ஒரிஜினல் ஒங்ககிட்டயே இருக்கட்டும்.”

“என்ன நோட்டு சார்?”

“பாட்டு நோட்டு. விக்டோரியா ராணி காலத்து நாவலாசிரியர் ஒருத்தரு. நாவலத்தான் எல்லாரும் படிச்சிருப்பாங்க. அவரு வெளையாட்டாவும் அழுகையாவும் கொஞ்சம் கவிதை எழுதியிருக்காரு. ஒங்கக்கா ஸ்கூல் லைப்ரரில அதக் கண்டுபிடிச்சு மெட்டுப் போட்டாங்க.”

நீ மெட்டுப் போட்டாயா? அம்மா இறந்த பிறகு பதினோரு வயதிலிருந்து உன் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுத்தாய், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாசித்தாய். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது? அடக்கம் முடிந்து ஐந்தே நாளில் ஏன் இத்தனை அவசரம்?

“மெஷின் ரிப்பேர் சார்” என்றேன். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார், மழைக்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே உன் அலமாரியைத் துழாவினேன். நோட்டு உன் கம்பளிச் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. ஏன் அக்கா அங்கே வைத்தாய்? மேசையில் வைக்கக்கூடாத நோட்டா அது?

கடைக்குக் கொண்டுவந்து, பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் வைத்து, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் புரட்டினேன். மொத்தம் எட்டுப் பாட்டு. ஆங்கிலக் கவிதை எனக்கு ஓடவில்லை, இசைக் குறியீடு சுத்தமாகப் புரியவில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக ஊரார் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். நான்கு பாட்டு உன் கையெழுத்து. நான்கு வேறு கை, சாய்ந்த கை; சர்ச் நோட்டீஸ்களில் நான் பார்த்திருக்கிற ஜெயசீலன் சாரின் கை. உன் பாட்டு ஒன்றின் ஓரத்தில் அதே சாய்ந்த கை பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது: ‘இந்த இடத்தில் மூச்சுவிட நேரம் கொடுங்கள்.’ அதற்குக் கீழே: ‘நேற்று மழையில் குடை இல்லாமல் ஏன் போனீர்கள்?’

அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. நீ கல்யாணம் வேண்டாம் என்றது எனக்காகத்தான் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேனே. ஜெயசீலன் சார் கல்யாணமானவர். அவர் மனைவி மெர்சியக்கா எனக்கு எதிரே வந்தாலே நான் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போகத் தொடங்கினேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை, ஈஸ்டருக்கு ஒரு முறை அவர் வந்து கேட்டார். இரண்டு தடவையும் மெஷின் ரிப்பேர்தான். போன மாதம் வந்தபோது நோட்டைக் கேட்கவே இல்லை. பென் டிரைவைத்தான் நீட்டினார். சர்ச் ஹாலில் கச்சேரியாம். நிகழ்ச்சித் தாள் நூறு பிரதி வேண்டுமாம். பாட்டெல்லாம் மனப்பாடமாக இருக்கிறது, நோட்டு இல்லாமலே பாடிக்கொள்கிறோம் என்றார்.

உன் பாட்டைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளப் போகிறார், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று கோப்பைத் திறந்தேன். எட்டுப் பாட்டுக்கும் நேராக ஒரே வரிதான் இருந்தது. இசை: எஸ்தர்.

அக்கா, அவர் பெயர் இருந்திருந்தால்கூட இவ்வளவு சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். சொந்தக் கையால் எழுதிய பாட்டை ஒரு மனிதர் எதற்காக விட்டுக்கொடுக்கிறார்? எதை மறைக்கிறார்? நோட்டை எடுத்து அவர் முன்னால் போட்டேன்.

“இதுல நாலு பாட்டு ஒங்க எழுத்து. ஒங்க பேரு ஏன் சார் இல்ல?”

அவர் நோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். “என் பேரயும் சேத்துப் போட்டா ஊரு ஒங்கக்காவத்தான் பேசும் தம்பி. அவங்க பதில் சொல்ல இப்ப இல்லியே.”

“அப்ப பேச விஷயம் இருக்கா?”

அவர் முகம் சிவந்துவிட்டது. பென் டிரைவைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார்.

மறுநாள் வெள்ளனே, நான் கடையைத் திறப்பதற்குள் மெர்சியக்கா வாசலில் நின்றிருந்தார்.

“ரெண்டு பேரயும் போடுங்க தம்பி. பதினெட்டு வருசமா ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சு எங்க வீட்லதான் ஒக்காந்து மெட்டுப் போட்டாங்க. காப்பி போட்டுக் குடுத்தது நான். மெட்டு நல்லால்லன்னா மொதல்ல சொல்றதும் நாந்தான்.”

“எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லியே அக்கா.”

“நான் எத்தனையோ தரம் சொன்னேன், தம்பிய ஒரு நாள் கூட்டிட்டு வாங்கன்னு. ‘வேண்டாம் மெர்சி, அவன் சந்தேகப்படுவான்’னு சொல்லிட்டாங்க.”

நான் குனிந்து ஷட்டர் பூட்டைத் திறந்தேன். அவரே கேட்டார்: “அழுகப் பாட்டு ஒங்கக்கா போட்டது, சிரிப்புப் பாட்டு எங்க வீட்டுக்காரர் போட்டதுன்னு நெனச்சீங்களாக்கும்? எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. அப்படியே மாத்தி நெனச்சுக்குங்க.”

என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் வீட்டில் நீ சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை. சோலி, ஜெபம், என் படிப்பு, பிறகு என் பிள்ளைகளின் படிப்பு. மெர்சியக்காவும் ஏதோ சமாளிக்கிறார் என்றுதான் கச்சேரி நாள் வரைக்கும் நினைத்தேன்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பாட்டு ஜெயசீலன் சாருடையது. செத்துப்போன குழந்தையின் செருப்பைப் பற்றியது என்று பக்கத்திலிருந்த டீச்சர் சொன்னார். சார் பாடப் பாட ஹாலே அடங்கிப்போனது. அடுத்தது உன்னுடையது. ஒரு குண்டு மனிதர் காதலைச் சொல்ல மண்டி போடுகிறார், எழுந்திருக்க முடியவில்லை. எனக்கு வார்த்தை புரியவில்லை, மெட்டு புரிந்தது. ஏறுகிறது, பாதியில் நிற்கிறது, மூச்சு வாங்குகிறது, மறுபடி கீழே உட்கார்ந்துவிடுகிறது. மூன்றாம் முறை அது உட்கார்ந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எனக்குப் பிறகுதான் ஹால் முழுவதும் சிரித்தது. சிரித்துக்கொண்டே இருந்தவனுக்கு எப்போது அழுகை வந்ததென்று தெரியவில்லை.

இந்தச் சிரிப்பையெல்லாம் எங்கே வைத்திருந்தாய் அக்கா? நம் வீட்டில் அதற்கு இடம் இல்லாமல் போனது என்னாலா?

முடிந்ததும் ஜெயசீலன் சாரிடம் போய், “மெஷின் சரியாயிருச்சு சார்” என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். நோட்டுக்கு இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு ஒன்று, மெர்சியக்காவுக்கு ஒன்று. நிகழ்ச்சித் தாளில் இரண்டு பெயரையும்தான் அச்சடித்திருந்தேன். ஊர் இதுவரை ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் சந்தேகமாக இருக்கிறது. இது என் புத்தி, விடு.

வருஷ நினைவு நாளுக்குள் உன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டும். ‘இசை ஆசிரியை’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன். போன வாரம் போய் மாற்றச் சொல்லிவிட்டேன். ‘சிரிப்புப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர்’ என்று வரும். கல் வெட்டுகிறவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த ஆள் கட்டாயம் எழுத்துப்பிழை விடுவார். அவர் உளியை எடுக்கிற நாளில் கடையை மூடிவிட்டுப் போய்ப் பக்கத்திலேயே நிற்பேன். ஒரு புள்ளிகூடத் தப்பாது, இது சத்தியம்.

உன் கையால் சோறு தின்ற,
சந்தேகக்காரத் தம்பி,
சாமுவேல்