பத்தரை மணி போன்

சார்,

இன்று காலை என் மேசையில் ஒரு வழவழப்பான கையேடு கிடந்தது. 'ஒரே கூரையின் கீழ் நான்கு தலைமுறைகள்' என்று மேலாளர்களுக்குப் பயிற்சி வகுப்பாம். மதியச் சாப்பாடு உண்டு. தலைமுறைக்கு ஒரு நிறம்; உங்கள் வயதுக்காரர்களுக்குப் பழுப்பு நிறம் கொடுத்திருக்கிறார்கள். 'இவர்கள் மாற்றத்தை எதிர்ப்பார்கள்' என்று போட்டிருக்கிறது. நீங்கள் எதிர்த்திருக்கலாம்.

பொம்மனஹள்ளி அலுவலகத்தில் நான் மேலாளர். எனக்குக் கீழே, என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவராக நீங்கள். காலை பத்தரைக்கு ஏதாவது நாற்காலி காலியாக இருந்தால் உங்கள் கை போனுக்குப் போய்விடும். காய்ச்சலா, வண்டியிலிருந்து விழுந்துவிட்டாயா, ஏதாவது சாப்பிட்டாயா என்று விசாரிப்பீர்கள். யாரும் உங்களிடம் ஒப்படைத்த வேலையல்ல அது.

இருபத்துநான்கு வயது நித்யா ஒருநாள் என் அறைக்கு வந்தாள். "வரலன்னா வரல சார். அங்கிள் எதுக்கு ரூமுக்கு போன் பண்றாரு? செக் பண்ற மாதிரி இருக்கு."

அவள் சொன்னதும் நியாயம்தான். நிர்வாகம் படித்தவன் நான். வராதவர்களை யாரும் போனில் அழைக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்பினேன். நாகரிகமாக, பெயர் எதுவும் போடவில்லை. எல்லோரும் உங்களைத்தான் பார்த்தார்கள்.

"எங்க வயசு ஆளுங்க போன் வரலன்னாத்தான் சார் கோச்சுக்குவாங்க" என்றீர்கள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பத்தரைக்கு டீ குடிக்கப் போனீர்கள். அந்த வருட மதிப்பீட்டில் உங்களைப் பற்றி 'மாற்றத்தை ஏற்பவர்' என்று எழுதினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நீங்கள் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. மனைவி இறந்தபின் நீங்கள் தனியாக இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தளத்தில் இருந்த முப்பது பேரும் விதியை மதித்தோம். வருகைப் பதிவு மென்பொருள் மட்டும், விளக்கம் கேட்டு உங்களுக்கு இரண்டு மெயில் அனுப்பியது. வியாழக்கிழமை ஜோகுபாளையத்தில் உங்கள் வீட்டு ஓனர் கதவை உடைத்தார். குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தீர்கள். எத்தனை மணி நேரம் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் நித்யா என் பக்கத்தில் வந்து நின்றாள். "செவ்வாக்கெழம காலைலயே போன எடுத்தேன் சார். கம்ப்ளைன்ட் பண்ணதே நான், நானே எப்படிப் பண்றதுன்னு வச்சிட்டேன்."

"நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றேன். அது உண்மை. பண்ணியது யார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசியிருந்தால் கால் மணி நேரம் ஆகியிருக்கும். மெயில் எழுத ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. மிச்சம் பிடித்த அந்தப் பத்து நிமிடம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, சார்.