தையற்காரரின் பலகையும் என் தகடும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. குட்டிக்குச் சளி விட்டதா, காதை மூடித்தான் வெளியே அழைத்துப் போகிறாயா. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மாடியில் துணி எடுத்து வரச் சொன்னால் மட்டும் உடனே வந்துவிடும். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. போன வாரம் போனில் பேசும்போது, என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று இரண்டு தடவை கேட்டாய், தொண்டைக்கட்டு என்றேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. போனில் சொன்னால் சரி விடும்மா என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் போகும் குட்டி ரயில் சங்கம் உனக்குத் தெரியும், அறுபது வயதில் பொம்மை ரயில் பைத்தியமா என்று நீகூடச் சிரித்தாய். ஒவ்வொருவரும் வீட்டில் ஒரே நீள அகலத்தில் ஒரு பலகை செய்து, தண்டவாளம் பதித்து, வீடு மரம் பாலம் என்று தனக்குப் பிடித்ததைக் கட்டி, கூடும் நாளில் எடுத்து வருவோம். எல்லாப் பலகையையும் வரிசையாக வைத்துப் போல்ட் போட்டு முடுக்கினால் ஒரே நீளப் பாதை. மேலே என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், ஆனால் இரண்டு ஓரத்திலும் தண்டவாளம் சொன்ன இடத்தில் வந்து முடிய வேண்டும், ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் இணைப்பில் பெட்டி கவிழ்ந்துவிடும். அந்த இடத்தைக் குறிக்க ஓர் அலுமினியத் தகடு இருக்கிறது, அதன் மூலையைப் பலகையின் மூலையோடு சேர்த்துப் பிடித்தால் தண்டவாளம் எங்கே வரவேண்டும் என்று காட்டும். முப்பது வருஷம் வரைபட அலுவலகத்தில் கோடு போட்டவள் என்பதால் தகடு என் பொறுப்பு. அங்கே எனக்கு அளவு அக்கா என்றே பெயர். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்குத் தரையில் கால் பாவாது.

இந்த வருஷம் புதிதாக ஒரு தையற்காரர் சேர்ந்தார், பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவர், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். அவர் தன் பலகையில் ஒரு கடைத்தெரு கட்டியிருந்தார் பார், அசந்துபோனோம். ஒவ்வொரு கடைக்கும் விரல்நக அளவு துணிப்பந்தல், அதற்கு ஓரம் அடித்துத் தைத்திருக்கிறார், கொடியில் குட்டிச் சட்டை காய்கிறது. கண்காட்சி அன்று பள்ளிக்கூட மண்டபம் நிறையப் பிள்ளைகள், ரயில் அவருடைய பலகையில் ஏறும் இடத்தில் மூன்று தடவை குடைசாய்ந்தது. தகட்டை வச்சுப் பாருங்கக்கா, அதன்படிதான் பதிச்சேன் என்றார். வைத்துப் பார்க்க எத்தனை நேரம் ஆகும் சொல்லு. நான் வைக்கவில்லை. கண்ணால பார்த்தாலே தெரியுதே, துணி வெட்டுற கைக்கு ஒரு மில்லிமீட்டர் பெருசாத் தெரியாதுதான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், காது மடல் மட்டும் சிவந்துவிட்டது.

பாவம், இரண்டு தடவை தண்டவாளத்தைப் பெயர்த்து, என்னிடம் தகட்டை வாங்கிப் போய், மறுபடி பதித்து எடுத்துவந்தார். இரண்டு தடவையும் அதே இடத்தில் கவிழ்ந்தது. கடைசியில் எங்கள் தலைவர், அதுதான் அந்தப் பல் டாக்டர், இதை எடுத்துட்டு ஓட்டிப் பார்ப்போமே என்றார். எடுத்தோம். மற்ற பலகைகளை நகர்த்திச் சேர்த்தோம், ரயில் ஜம்மென்று ஓடியது, அங்கே ஒரு கடைத்தெரு இருந்த அடையாளமே இல்லை. அவர் பலகையைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு போனார், அதற்குப் பிறகு வரவில்லை. நாலு மாதம் ஆகிறது.

இப்போது கேள். போன மாதம் எனக்கு ஒரு புதுப் பலகை செய்தேன், தகட்டை வைத்துத்தான் பதித்தேன். என் பழைய பலகையோடு சேர்த்துப் பார்த்தால் தண்டவாளம் ஒன்றரை மில்லிமீட்டர் விலகி நிற்கிறது. உடனே தகட்டைத்தான் எடுத்துப் பார்த்தேன். ஏனென்றால் எனக்குத் தெரியும். கண்காட்சிக்கு ரொம்ப முன்னால் ஒரு நாள் அந்தத் தகடு அலமாரியிலிருந்து விழுந்து மூலை மடங்கிவிட்டது, சுத்தியலால் தட்டி நேராக்கி, யாரிடமும் சொல்லாமல் உறையில் போட்டு வைத்தேன். மற்றவர்கள் பலகையெல்லாம் அது விழுவதற்கு முன்னால் செய்தது, விழுந்த பிறகு செய்தது அந்தத் தையற்காரர் ஒருவர்தான். நான் கொடுத்த தப்பை ஒரு மயிரிழை பிசகாமல் மூன்று தடவை பதித்திருக்கிறார் அந்த மனுஷன். மண்டபத்தில் தகட்டை வைத்துப் பார்க்க மாட்டேன் என்று நான் அடம் பிடித்தேனே, அப்போது அந்தச் சுத்தியல் சத்தம் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

சங்கத்தில் எழுந்து சொன்னேன். அதனாலென்ன அக்கா, யாருக்கும் நடக்கிறதுதானே என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஒருத்தர் எனக்குத் தேநீர்கூட ஊற்றிக் கொடுத்தார். தையற்காரரைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள். அது எனக்கு இறங்கவே இல்லை. மறுநாள் அவர் கடைக்குப் போனேன். அப்பா துணைக்கு வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். தையற்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நின்றுகொண்டே சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. தெரியும்கா என்றார். இரண்டாம் தடவை கொண்டுவந்த அன்றே, எல்லோரும் வெளியே போன நேரத்தில், தகட்டை டாக்டருடைய பலகையில் வைத்துப் பார்த்திருக்கிறார், அதற்கும் பொருந்தவில்லை. பிறகு ஏன் மூன்றாம் தடவையும் அதே அளவில் பதித்தீர்கள், மற்ற பலகைக்கு ஏற்றமாதிரி நகர்த்தியிருக்கலாமே என்று கேட்டேன். அப்படி நகர்த்தினா நான் செஞ்சது தப்புன்னு ஆயிடுமேக்கா, நீங்களே ஒரு நாள் பார்த்துச் சொல்வீங்கன்னு இருந்தேன் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று கூப்பிட்டேன், அவர் இயந்திரத்து ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டார். தகட்டை டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் நினைப்புதான். நீ ஏழாவது படிக்கும்போது ஒரு நூலகப் புத்தகம் தொலைந்தது, படம் போட்ட கனத்த புத்தகம், பறவைகளைப் பற்றியது. நான் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் நூலகர் முன்னால் நிறுத்தி, நான்தான் தொலைச்சேன் என்று உன் வாயால் சொல்ல வைத்தேன், உன் சிநேகிதிகள் இரண்டு பேர் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். நீ தொலைக்கவில்லை. வரைபடத் தாள் சுருளாமல் இருக்க நான்தான் அதைப் பாரமாக வைத்திருந்தேன், அடுத்த வருஷம் சுருட்டிய தாள்களுக்கு அடியில் கிடைத்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து நூலகத்தில் வைத்துவிட்டு வந்தேன், உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ அந்த நூலகத்துக்குப் போகவே இல்லை, படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்று நான் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

நீயும் நல்லா இரு, உன் வீடும் நிறைந்து இருக்கட்டும், குட்டிக்கு என் முத்தம். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். குட்டி எதையாவது தொலைத்துவிட்டது என்று திட்டப் போகும்முன் உன் மேசையை ஒரு தடவை பார்த்துவிடு. இதற்குப் பதில் எழுது, சரி விடும்மா என்று மட்டும் எழுதாதே. அந்தப் புத்தகம் என்னிடம்தான் இருந்தது என்று உனக்கு முன்பே தெரியுமா, அதை மட்டும் எழுது.

உன் அம்மா