எத்தனை பேருக்கு ஜெனரேட்டர்

மலெஸோ, குவாம்
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகன் அன்செல்மோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் டானாவும் பிள்ளைகளும் டகோமாவில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று காலையும் மண்டியிட்டுக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். இங்கே நான் நலம், தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகும் உன் அக்கா லூர்டெஸும் நலம். அப்பா நலம் என்று எழுதினால் பூசைக்குப் போய்வந்த கையோடு பொய் சொன்னதாகும். மூக்கில் குழாயும் வாயில் குறும்புமாக இருக்கிறார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ பத்து யோசனை சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான்.

ஜெனரேட்டர் வாங்கியாகிவிட்டது. நீ சொன்ன சின்னது இல்லை, பெரியது. கோபப்படாமல் முழுவதும் படி. இரண்டே பேர் இருக்கும் வீடு, அப்பாவின் ஆக்சிஜன் மெஷின், ஃப்ரிட்ஜ், ஒரு மின்விசிறி, நாலு விளக்கு, இதற்குச் சின்னது போதும், தானாக ஓடத் தொடங்கினால் சரி என்று நீ சொன்னாய். நானும் உன் பக்கம்தான் இருந்தேன், உன்னைவிடப் பிடிவாதமாக. போன புயலில் நடந்ததை உனக்குப் பாதிதான் சொல்லியிருந்தேன், மீதியை இப்போது சொல்கிறேன். அப்போது நம்மிடம் இருந்தது கயிறு இழுத்துக் கிளப்பும் பழைய ஜெனரேட்டர். காற்று அடங்கியதும் உன் அத்தை ரூஃபினா வயரை எடுத்துக்கொண்டு பின்வீட்டிலிருந்து வந்தாள், மகள் கல்யாணத்துக்கு வாங்கி வைத்த இறைச்சி ஃப்ரீசரில் கெட்டுவிடும் என்று. ஜன்னல் வழியாக வாங்கிச் செருகினேன். பிறகு பக்கத்து அந்தோனியோ வீடு, அதற்குப் பிறகு யார் யாரோ. ஏனம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை என்று நீ கேட்பாய், அங்கேயே ரொம்ப நாள் இருந்துவிட்டாய். இந்த ஊரில் புயல் முடிந்து ஒருத்தர் கையில் வயரோடு வந்து நின்றால் சாப்பிட்டாயா என்றுதான் கேட்போம், எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று கேட்க மாட்டோம். அவரவரும் தங்கள் வயர் ஒன்றுதான் கூடுதல் என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ஜெனரேட்டர் இருமி இருமி நின்றுபோனது. கூடவே அப்பாவின் மெஷினும் நின்றது. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரை மாட்டி, விழுந்து கிடந்த தென்னைகளைச் சுற்றிக்கொண்டு ரூஃபினாவின் மகன் பென் தன் டிரக்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். போகும்போது அப்பாவின் உதடு நீலமாக இருந்தது. திரும்பி வந்தபோது ரூஃபினா நம் வாசலில் தரையில் உட்கார்ந்து, கறிக்காக அண்ணன் மூச்சை நிறுத்திவிட்டேனே என்று அழுதாள். அன்றோடு அவள் இந்த வீட்டில் ஒரு கைப்பிடி உப்புக்கூடக் கேட்டதில்லை. கோயிலில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். மூச்சுத் திணறலைவிட அதுதான் உன் அப்பாவை அதிகம் தின்றது, எனக்கு அது தெரிய நாளானது.

ஜெனரேட்டர் கடைப் பையன் ரோமன் வீட்டைப் பார்க்க வந்தான், நல்ல பையன், அப்பாவின் கையை முகர்ந்து ஆசி வாங்கிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தான். மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. டீசல்தான், பென் டிரக்குக்குப் போடும்போது நமக்கும் வாங்கி வந்துவிடுவான். உப்புக் காற்றுக்கு அலுமினியக் கூடு, இரும்பு என்றால் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். புகை அப்பாவின் ஜன்னலுக்கு வராமல் வெளிச்சமையலறைக்குப் பின்னால் கான்கிரீட் அறை. எத்தனை பேருக்கு என்று ரோமன் கேட்டபோதுதான் வம்பு வந்தது. நான் இரண்டு பேர் என்றேன், வெளிச்சுவரில் ஒரு பிளக் கூட வைக்காதே என்றும் சொன்னேன். இல்லை என்பதைச் சுவர் சொல்லட்டும், என் வாய் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். அப்பா படுக்கையிலிருந்து நூறு பேர் என்றார். ரோமன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான், அப்பாவின் மூளைக்குக் காற்று போதவில்லை என்று நினைத்திருப்பான்.

ஒரு வாரம் சண்டை போட்டோம். தானம் பண்ணியே சாக வேண்டுமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அதற்கு அவர் கோபப்படவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நின்று நின்று சொன்னார்: "எங்கிராசியா, நான் ஃப்ரீசருக்காகக் கேக்கல. என் ஜெபமாலைக்காகக் கேக்கறேன்."

உன் பெரியப்பா இறந்தபோது நீ சின்னவன். புயலுக்கு மறுநாள் போனார், இறந்தவருக்காக ஒன்பது நாள் சாயங்காலமும் சொல்லும் ஜெபமாலை மெழுகுவர்த்தியில்தான் நடந்தது. ஊரே வந்தது, யார் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இருட்டிலேயே சோறு போட்டோம், மீன் கெட்டுப்போய் ஒரு பகுதியைக் கொட்டினோம். அதைத்தான் அப்பா இத்தனை வருஷமாக மனதில் வைத்திருக்கிறார். "நான் போறதும் புயல் மாசத்துலதான் இருக்கும், இந்த நெஞ்சு எனக்குத் தெரியாதா? வர்றவங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கணும். ரூஃபினா முன்ன மாதிரி வந்து அடுப்புகிட்ட நிக்கணும். நான் கேக்கறது அவ்வளவுதான்" என்றார். நான் அரிசி கழுவப் போய்விட்டேன், கழுவிய அரிசியையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றேன்.

பெரியதை வாங்கினோம். நீ பயப்படாதே, அப்பாவின் அறைக்குத் தனி லைன் போடச் சொல்லிவிட்டேன். கரண்ட் பாரம் கூடினால் ஜெனரேட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டி தானாகவே வெளிச்சமையலறையைத்தான் முதலில் நிறுத்தும், அப்பாவின் அறையைத் தொடாது. வெளிச்சுவரில் வரிசையாகப் பிளக் வைத்தாயிற்று. புதன்கிழமை கம்பத்தில் பாம்பு ஏறித் தெற்குப் பக்கம் முழுவதும் கரண்ட் போனது. அப்பாவின் மெஷின் கத்தத் தொடங்கியது, நான் சிலிண்டருக்கு ஓடினேன், மாட்டுவதற்குள் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது, மெஷினும் அடங்கியது. உடனே அப்பா லூர்டெஸை ரூஃபினாவிடம் அனுப்பினார். அவள் வேலி வரை வந்து நின்றுவிட்டாள். அப்பாவே சக்கர நாற்காலியில் வேலிக்குப் போனார், மடியில் சிலிண்டர். "வயரை எடுத்துட்டு வா, இப்ப எல்லாருக்கும் பத்தும்" என்றார். அவள் வயர் கொண்டுவரவில்லை, எலுமிச்சை பிழிந்த கோழிக் கெலாகுவென் ஒரு தட்டு கொண்டுவந்தாள். வெளிச்சமையலறை விளக்கின் கீழ் சிவப்புச் சோற்றோடு சாப்பிட்டோம். அண்ணன் தட்டில் காரம் போடாதே என்று என்னையே அதட்டினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மகனே, அப்பாவின் ஒன்பது நாள் ஜெபமாலைக்கு நீ எப்படியும் விமானம் ஏறி வந்துவிடுவாய், அது எனக்குத் தெரியும். அன்று விளக்கெல்லாம் எரியும், ஊர் முழுவதும் உன் முகத்தைப் பார்க்கும், உன் அப்பா பார்க்க மாட்டார். அவர் உன்னைக் கூப்பிட மாட்டார், வேலையில் இருப்பவனைத் தொந்தரவு செய்யாதே என்பார், நான் எழுதுவதும் அவருக்குத் தெரியாது. உன் பழைய அறையையும் அவர் லைனிலேயே சேர்க்கச் சொல்லிவிட்டேன். பிள்ளைகளைக் கூட்டி வா, அவர் கையை முகர்ந்து ஆசி வாங்கட்டும், கை இன்னும் சூடாக இருக்கிறது.

கடவுள் உனக்கும் டானாவுக்கும் துணையிருப்பார், குழந்தைகளின் தலையில் என் கை இருப்பதாக நினைத்துக்கொள். மழையில் வண்டியை வேகமாக ஓட்டாதே. ஒரு விஷயம், மறந்துவிடாதே: இந்த ஜெனரேட்டருக்கு எண்ணெய் வடிகட்டி இங்கே கிடைப்பதில்லை, கப்பலில் வர மாதக் கணக்காகிறது என்று ரோமன் சொன்னான். அங்கே இரண்டு வாங்கு. தபாலில் அனுப்பாதே, நீயே கையில் கொண்டு வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா எங்கிராசியா