குனியாத வாரம்

4 மே, திங்கள்

மதியத்திலிருந்து மழை. பாப்பாவின் சட்டைகள் எல்லாம் காற்றாடிக்கு அடியில்.

செய்ய வேண்டியவை:
– மேற்கோள் பட்டியல் (மீதி)
– பாப்பாவுக்குப் பெம்பர்ஸ்
– கடைசி அளவுகளைக் கவிதாவுக்கு அனுப்புவது

மூன்றாவது மட்டும் ஆயிற்று. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் கவிதாவின் குரல் செய்தி. “அக்கா, ரிசல்ட் சூப்பர் லா! எல்லாருக்கும் வலி பாதியாச்சும் கொறஞ்சிருக்கு. மேடம் மூஞ்சியப் பாக்கணும் நீங்க!” பின்னால் அவள் அம்மா எதற்கோ திட்டும் சத்தம்.

பிசியோதெரப்பி கடைசி வருடம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஆய்வேடு, வழிகாட்டி மேடம். சிரம்பான் கவிதா, ஹாஸ்டலில் இருக்கும் ஃபாரா, நான். மூவரில் பிள்ளை பெற்றவள் நான்தான். அதற்காக நடுவில் படிப்பை நிறுத்தியவளும் நான்தான். தலைப்பு: செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கும் பெண்களின் இடுப்பு வலி, அதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி. இடம்: ரந்தாவ் பக்கம் எங்கள் தோட்டம். ஆள் சேர்த்தது நான். பயிற்சி தொடங்கும் முன் ஒருமுறை வலியைக் கேட்டுக் குறித்தோம். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. முடிந்த பிறகு கோயில் திருவிழா வாரத்தில் மறுபடி. அந்த வாரம் என்பதும் என் யோசனை. எல்லோரும் மண்டபத்திலேயே இருப்பார்கள், வீடு வீடாக அலைய வேண்டாம் என்று.

பதினைந்தாம் தேதி ஒப்படைக்க வேண்டும். தவறினால் இன்னொரு செமஸ்டர். வீட்டுக்காரர் ஏற்கெனவே சொல்லிவிட்டார், “இதோட முடிச்சிடு” என்று. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயம்.

6 மே, புதன்

வெயில். பாப்பாவுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது, உடம்பு லேசான சூடு. காலையில் பிள்ளை பார்க்கும் ஆயா வீட்டில் விட்டபோது அழவில்லை. அழுதிருந்தால் தேவலை போல இருந்தது.

மாலை கடையில் லெட்சுமி அக்கா. பழம் பொறுக்குபவர், எங்கள் ஆய்வில் இருப்பவர். மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி, ஹேண்டிலை விடாமல் அப்படியே நின்றார். இன்னொரு கை இடுப்பில். திருவிழாவில் கேட்டபோது “ஒண்ணு” என்றவர்.

“என்னக்கா, மறுபடியுமா?”

“வேலக்காட்டுக்குப் போயாச்சில்ல. ஒரு வாரம் ராணி மாதிரி உக்காந்திருந்தோம். இப்ப வட்டியோட வாங்குறானுங்க.”

ரொட்டி, மைலோ வாங்கி வந்தேன். பாப்பாவுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுக்கும்போதுதான் உறைத்தது. அந்த வாரம் யாரும் வேலைக்குப் போகவில்லை. காப்புக் கட்டியதிலிருந்து எல்லோரும் லீவு. ஒரு பழத்துக்குக்கூட ஒருத்தரும் குனியவில்லை. வலி குறைந்தது எங்கள் பயிற்சியாலா, லீவாலா?

கவிதாவுக்கும் ஃபாராவுக்கும் இது தெரிய வழியில்லை. தோட்டத்தில் குடியிருப்பவள் நான். நானே காப்புக் கட்டியிருந்தேன். எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

7 மே, வியாழன்

சொல்லவில்லை.

கல்லூரிக்கு நீலாய் போகும் வழியெல்லாம் லாரி. நாசி லெமாக் பாதி சாப்பிட்டு மூடி வைத்தேன். கவிதா அட்டவணைக்கு நீலக் கலர் கொடுத்திருக்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது.

சொன்னால்: மறுபடி அளக்க வேண்டும், நாள் இல்லை, மூவருமே மாட்டுவோம். சொல்லாவிட்டால்: யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஒரு கிளினிக்கில் யாரோ இதை நம்பி இடுப்பு ஒடிந்தவளிடம் பயிற்சித் தாளைக் கொடுத்து, வீட்டில் செய்யுங்கள், சரியாகிவிடும் என்பார்கள். அந்த யாரோ நானாகவும் இருக்கலாம்.

பாப்பாவுக்குச் சூடு இறங்கவில்லை. அத்தை, வீட்டுக்காரரின் அம்மா, அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டிருக்கிறார்.

8 மே, வெள்ளி

கேன்டீனில் சொல்லிவிட்டேன்.

“அக்கா, வெளையாடாதீங்க.”

“வெளையாடல கவி.”

“அந்த வாரம்தான் வசதின்னு சொன்னது யாரு? நீங்கதானே? இப்ப என்ன நியாயஸ்தி வேஷம்? மேடம் கேக்கல. எக்ஸாமினருக்குத் தோட்டம் எந்தப் பக்கம்னே தெரியாது. நீங்களே போயி தலைய குடுக்குறீங்க.”

ஃபாரா தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு மலாயில் கேட்டாள், திங்கட்கிழமை அந்தப் பெண்கள் வேலை முடிந்து எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள் என்று. அவ்வளவுதான். கவிதா அவளை முறைத்தாள்.

மூவரும் மேடத்தின் அறைக்குப் போனோம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டார். மறுபடி அளக்கலாம், ஆய்வு அனுமதித் தாளில் அதற்கு இடம் இருக்கிறது என்றார். தேதி மட்டும் மாறாது. “பலன் இல்லைன்னு வந்தா?” என்று கவிதா. வந்ததை எழுதுங்கள் என்றார். மதிப்பெண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கவிதா கார் வரை எனக்கு முன்னால் நடந்தாள். கதவைத் திறக்கும்போது, “பாப்பாவுக்கு சூடு கொறஞ்சிச்சா?”

11 மே, திங்கள்

மழை இல்லை, நல்லவேளை. பாப்பாவுக்குச் சூடு விட்டுவிட்டது.

எங்கள் வீட்டு முன் கொட்டகையில் நாற்காலி போட்டு அளந்தோம். வேலைக்காட்டிலிருந்து நேராக, பூட்ஸோடு வந்தார்கள். லெட்சுமி அக்காதான் முதலில்.

“எவ்ளோ சொன்னா நீ பாஸாவ? அத மொதல்ல சொல்லு.”

“அப்படி இல்லக்கா. உள்ளத சொல்லுங்க.”

“உள்ளத சொல்லி நீ ஃபெயிலாயிட்டா, உன் மாமியா என்னைய சும்மா விடுவாளா?”

கவிதா சிரித்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான். லெட்சுமி அக்கா ஏழு.

பாக்கியம் அக்கா ஆறு. கோயிலில் பூஜ்யம் சொன்னவர். ஏன் என்று கேட்டேன். “நல்லாருக்கியே நீ! காப்பக் கட்டிக்கிட்டு, ஆத்தா முன்னால நின்னு வலி வலின்னா சொல்லுவாங்க?”

அதுவும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அத்தை கடைசி. அவரும் பழம் பொறுக்குபவர்தான். ஒரே வீடு என்பதால் முதலிலிருந்தே அவரை நான் அளப்பதில்லை. ஃபாரா மலாயில் கேட்டாள். அத்தை என்னை ஒருமுறை பார்த்தார். “லாப்பான்,” என்றார். எட்டு. கோயிலில் ரெண்டு. பயிற்சி தொடங்கும் முன்பேகூட நாலுதான் சொல்லியிருந்தார்.

எல்லோரும் போன பிறகு, கிளாஸ் கழுவும்போது கேட்டேன்.

“ஆரம்பத்திலயே எட்டுதானா அத்த?”

“எட்டுன்னு சொன்னா, புள்ளைய எங்கிட்ட விட்டுட்டு நீலாய்க்குப் போவியா நீ? படிப்ப விட்டுட்டு உக்காந்திருவ.”

“அப்ப இன்னிக்கி மட்டும்?”

“அத்தன பேரும் உள்ளத சொல்றாளுங்க. நான் மட்டும் என்ன, பெரிய இவளா?”

மத்தியானம் வேலைக்காட்டிலிருந்து வந்து, நான் திரும்பும்வரை பாப்பாவை இடுப்பில் வைத்திருப்பவர். நான் பிசியோ படிப்பவள்.

13 மே, புதன்

தூறல். ஃபாராவின் அறையில் மூவரும். அட்டவணை புதிதாக. பயிற்சிக்கு முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றிரண்டு பேருக்குக் கொஞ்சம் குறைவு. அத்தையின் முதல் எண்ணே பொய் என்பதால் அவரை எடுத்துவிட்டோம். ஏன் எடுத்தோம் என்பதையும் எழுதினோம்.

குறைபாடுகள் பகுதி என் பொறுப்பு. திருவிழா, லீவு, கோயிலில் வைத்துக் கேட்டது, கேட்டவள் அவர்கள் தோட்டத்துப் பெண் என்பது. எழுத எழுத நீண்டுகொண்டே போனது.

“அக்கா, இதுவே ஒரு தீசிஸ் ஆயிரும் போல லா. போதும் விடுங்க.” கவிதாதான். எழுத்துப்பிழையும் அவளே பார்த்தாள். நீலக் கலரை எடுக்கவில்லை.

கோபம் போய்விட்டதா என்று கேட்கவில்லை.

15 மே, வெள்ளி

காலையிலேயே வெயில். அனுப்பியாயிற்று. ஃபாரா பொத்தானை அழுத்தும்போது கவிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

வரும் வழியில் கோழி, கீரை. பெம்பர்ஸ் மறந்துவிட்டது, திரும்பிப் போய் வாங்கினேன்.

அத்தை வாசலில், பாப்பா இடுப்பில்.

“குடுத்தாச்சா?”

“குடுத்தாச்சு அத்த.”

“என்னன்னு எழுதுன?”

பயிற்சியால் பெரிதாக மாற்றம் இல்லை, குனிகிற வேலை குறையாமல் வலி குறையுமா என்று அடுத்து யாராவது பார்க்க வேண்டும் என்று எழுதியதைச் சொன்னேன். பாப்பாவை மறு இடுப்புக்கு மாற்றினார்.

“அப்ப பாஸா, ஃபெயிலா?”

“தெரியல அத்த. அடுத்த மாசம்தான் சொல்வாங்க.”

“சரி. இந்தா, புள்ளைய வாங்கு. இடுப்பு வலிக்குது.”