ஏழுக்கு அப்புறம் இன்னொரு ஏழு

செப்டம்பர் 3, புதன்

சென்னை இணையக் கடைக்காரன் எங்கள் புடவைப் பட்டியலைத் திருப்பி அனுப்பிவிட்டான். ஒரே புடவையை நிறத்துக்கு ஒரு தடவை எழுதியிருக்கிறோமாம், சேர்த்து அனுப்ப வேண்டுமாம். பட்டியல் இருக்கிற எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். ஒரே பாவில், தறியில் ஏற்றிய ஒரே நீட்டு நூலில், நெய்தவை, கரை ஒன்று, ஜரிகை ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை நிறம் மட்டும் வேறு. ஆனால் கோப்பில் ஒன்றை ஒன்று தெரியாதது மாதிரி தனித்தனியாக நிற்கின்றன.

முதலாளி ஜெயவேல் கூப்பிட்டார். "நான்சிம்மா, இன்னும் ரெண்டு தடவதான் பாப்பானாம். அதுக்குள்ள ஆவலன்னா பட்டியல வெளிய குடுத்துடறேன். நீ கமலத்தோட ஒக்காந்து புடவ மடி."

மடிப்பதா? நானா? என் துப்பட்டாவையே சுருட்டித்தான் வைப்பேன்!

செப்டம்பர் 5, வெள்ளி

கோப்பை மாற்றி அடுக்குகிற எக்ஸ்எஸ்எல்டி நிரலை எழுதி முடித்தேன். விதி சின்னதுதான்: பாவு எண் ஒன்றாக இருக்கிற புடவைகளை ஒரு குழுவாக்கு. குழுவுக்கு ஒரே ஒரு புடவை உறுப்பு, அதாவது ஒரே பதிவு, போடு. திரும்பத் திரும்ப வரும் பெயர், விலையை ஒரு தடவை எழுது. நிறங்களை மட்டும் உள்ளே அடுக்கு.

ஓட்டினேன். கோப்பு பாதியாக இளைத்துவிட்டது. அனுப்பியாகிவிட்டது. பெருமை தாங்காமல் கமலக்காவிடம் போய் அளந்தேன். அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. "ஒனக்கு எடம் தொடச்சு வெச்சிகினு இருக்கேன், ஜல்தி வா" என்றாள்.

செப்டம்பர் 6, சனி

திரும்பி வந்துவிட்டது. ஒரு புடவைக்கு இரண்டு விலையாம்!

பாவு ஏழில்தான் வினை. பரசுராமன் நெய்த முகூர்த்த அரக்கும் தருமன் நெய்த சாதாச் சாம்பலும் ஒரே உறுப்புக்குள் ஜோடி போட்டு உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பாவு எப்படி இரண்டு தறியில் ஏறும்? முதலாளியிடம் ஓடினேன்.

"ஆமா, ஏழு ரெண்டு. எட்டு சனி நம்பரு, அத்த யாராவது பாவுக்குப் போடுவாங்களா? ஏழுக்கு அப்புறம் இன்னொரு ஏழு, அப்பால ஒம்போது."

"எட்டை விட்டுட்டு நேரா ஒன்பது போடலாமே?"

"பாவு ஓட்றவர் மொத்தம் எத்தன பாவுன்னு எண்ணிகினு வர்றாரே, அவர் கணக்கோட ஒத்துவர வேணாமா?"

ஆண்டவரே. இதை எந்தக் கம்ப்யூட்டர் வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள்?

செப்டம்பர் 8, திங்கள்

தேதி எட்டு. இன்று எதையும் அனுப்பக் கூடாதாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பாவு எண்ணோடு நெசவாளர் பெயரையும் சேர்த்துப் பார்த்துக் குழுவாக்கச் சொன்னேன். இரண்டு ஏழும் சமர்த்தாகப் பிரிந்தன. ஆனால் கடைக்காரனுக்குப் புடவைக்கு ஒரு தனி எண் வேண்டும், எழுத்து கூடாது. நூற்றேழு போடலாமென்றால் கூட்டுத்தொகை எட்டு! வேறு எண்ணா கிடைக்காது? கிடைக்கும். கைதான் கேட்கவில்லை. பரசுராமனின் ஏழு வந்தால் எட்டு என்று மாற்று — விதியில் ஒரு வரி சேர்த்தேன். முதலாளி கோப்பைத் திறந்தா பார்க்கப் போகிறார்?

சாயங்காலமே ஏற்றுக்கொண்டுவிட்டான். முதலாளி எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டே சாப்பிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

மாட்டிக்கொண்டேன்.

முதல் ஆர்டர் வந்தது. சென்னைச் சேத்துப்பட்டு இல்லை, இதோ பக்கத்தில் இருக்கிற சேத்துப்பட்டு ஊரின் கல்யாண வீடு, சென்னைக் கடையைச் சுற்றிக்கொண்டு. முகூர்த்த அரக்கு, பாவு எட்டு. முதலாளி படித்தார். "இது நம்முளுது இல்லம்மா. நாம எட்டே போடறதில்ல. திருப்பி அனுப்பு."

கல்யாணப் பெண்ணின் புடவையாச்சே! சொல்லிவிட்டேன். "நான்தான் முதலாளி... கம்ப்யூட்டர்ல..." அவர் ஃபேனை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வாய்க்கொழுப்பு மாதிரி எனக்குக் கைக்கொழுப்பு. நாளையிலிருந்து மடிப்புதான், பேஜார்.

செப்டம்பர் 19, வெள்ளி

என் கம்ப்யூட்டர் தலையில் எலுமிச்சம்பழம். நெற்றியில் குங்குமம்.

"நீயும் போடல, நானும் போடல. மிசினு போட்டுது. தோஷம் இருந்தா அதோட போவட்டும்" என்றார் முதலாளி. "கல்யாண வீட்டுக்குப் புடவய அனுப்பு. இனிமே எட்டு, பதினேழு, இருபத்தாறு, கூட்டினா எட்டு வர்ற எல்லாத்தயும் அதுகிட்டயே உட்டுடு."

"அப்போ நான் மடிக்க வர வேணாமா?"

கமலக்கா உள்ளே வரப் பயந்து கதவருகிலேயே நின்றுகொண்டு பதில் சொன்னாள். "நீ எழுந்துட்டா அந்த நாற்காலில வேற யாருடி ஒக்காருவா?"

எலுமிச்சம்பழம் உருளாமல் ஒரு காகிதத்தை மடித்து முட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த கோப்பைத் திறந்தேன்.