பலகைச் சத்தத்துக்கு வெள்ளை, உனக்கு நீலம்

என் தங்க அக்காவுக்கு,

பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்காதவள் நீ. போன இடத்திலாவது காது கேட்கிறதா? தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிப்பாய் என்பதால் எழுதுகிறேன்.

நான் இப்போது பாண்டிச்சேரியில், கம்ப்யூட்டரில் பாட்டுகளைப் படமாக்கும் வேலையில் இருக்கிறேன். பாட்டைக் கொடுத்தால் அது திரையில் கோடாக, வளையமாக, நிறமாக எழும்பும். திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, உள்ளே என்ன ஓடுகிறது என்று ஜாடையில் என்னை நச்சரிப்பாயே. பதில் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. கேட்டவள்தான் இல்லை.

போன வாரம் பழைய போனில் ஒரு வீடியோ அகப்பட்டது. உப்பளத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு, நீளக் கம்பு போட்ட பலகையால் உப்பு வாருகிறாய். கூடவே லேசாக முனகுகிறாய். அதைப் படமாக்கிப் பார்க்க ஆசை வந்தது. மோட்டார் இரைச்சல், காற்று, பலகை உப்பை இழுக்கும் கரகரப்பு எல்லாவற்றையும் அழித்து, உன் குரலை மட்டும் வைத்தேன். வந்தது என்னவோ கோணல்மாணலாக நாலு கோடுதான்.

அம்மாவிடம் காட்டினேன். "டேய், பலகைச் சத்தத்த ஏன்டா எடுத்துட்ட? அத்த இழுக்கும்போதுதான்டா அவ பாடுவா," என்றாள்.

பாடுவாளா? உன்னைப் பற்றி அம்மா வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

பலகையைத் திரும்பச் சேர்த்தேன். அதற்கு வெள்ளை, உனக்கு நீலம். வெள்ளை எழும்பும்போதெல்லாம் நீலமும் கூடவே ஏறியது. பலகை நின்றால் நீலமும் நின்றது. ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை. எப்படி அக்கா? கை வழியாகவா, பாதம் வழியாகவா? உன் தொண்டை பாடியது உனக்குத் தெரியுமா?

ஒருநாள் மரக்காணம் பஸ்ஸில் நீ இப்படி முனகியபோது நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிப் போய் உன் வாயைக் கையால் பொத்தினேன். அதற்குப் பிறகு வெளியிடங்களில் நீ முனகவே இல்லை. பெரிய தப்பு, அக்கா.

காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் படம் காட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் படத்தைத்தான் போடுவேன். ஸ்பீக்கர் பெட்டியைத் தரையில் வைப்பேன், கை வைத்துப் பார்க்கட்டும். எந்தப் பிள்ளையாவது உன்னோடு சேர்ந்து முனகினால், அதன் வாயைப் பொத்த யாரையும் விடமாட்டேன்.

அன்று உன் வாயைப் பொத்திய கையாலேயே இதை எழுதும்
உன் தம்பி