பதினான்காம் மேற்கோள்

மார்ச் 3
கட்டுரையில் எண்பத்தேழு மேற்கோள்கள். எல்லா எண்ணையும் பேராசிரியர் கையாலேயே அடித்து வைத்திருக்கிறார். நடுவில் ஒன்றைச் செருகினால் மொத்தமும் குட்டிச்சுவர். ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு, கடைசிப் பட்டியலோடு தானாக ஒத்துப்போகும்படி இணைப்புக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது முடிந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது.

மார்ச் 5
பேராசிரியர் கதவைச் சாத்தச் சொன்னார். "கட்டுரையிலேர்ந்து சின்னவ பேரை எடுத்துடும்மா. அவளுக்குத்தான் குழந்தை பொறந்தாச்சே, இனிமே கட்டுரையை வச்சு என்ன பண்ணப் போறா? ரெண்டாவது பேரா உன்னோடதைப் போட்டுக்கோ."

சின்னவள் எனக்கு மூன்று வருடம் ஜூனியர். இயந்திரச் சத்தத்தில் வேலை பார்க்கும் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் காதுகளைச் சோதித்தவள் அவள்தான், அதில் பாதி வயிற்றுப் பிள்ளையோடு. அந்தக் காதுகள் இல்லாவிட்டால் கட்டுரையே இல்லை.

என் ஆய்வேடு எட்டு மாதமாகக் கையெழுத்துக்காக அவர் மேசையில் கிடக்கிறது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசி முடிக்கும்வரை கையை மட்டும் அதன்மேல் வைத்திருந்தார்.

"சரி சார்" என்றேன். யோசிச்சேனா? இல்ல. கேட்ட உடனே வாயில வந்துடுச்சு.

மார்ச் 6
முகப்பில் அவள் பேரை எடுக்க ஒரு நொடி. உள்ளேதான் வேலை. அவளுடைய அச்சாகாத எம்.ஃபில். ஆய்வேடு பட்டியலில் பதினான்காவது. அதை அழித்ததும் பதினைந்து பதினான்காயிற்று. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஓரடி முன்னே வந்துவிட்டார்கள்.

ஆனால் கட்டுரைக்குள் பதினோரு இடத்தில் கொட்டை எழுத்து: பிழை! மேற்கோள் மூலம் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் தேடிப்போய்ப் பேராசிரியரின் பழைய கட்டுரையோடு இணைத்தேன். ஒன்பதாம் எண். அதற்காக அவர் ஒரு காதைக்கூடச் சோதித்ததில்லை.

மத்தியானத்துக்குள் எங்கும் ஒரு பிழையும் இல்லை. பசித்துச் சாப்பிட்டேன்.

மார்ச் 9
சின்னவள் போன் செய்தாள். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. "அக்கா, மூணாவது அட்டவணையில அறுபத்தொண்ணுன்னு இருக்கும், அது பதினாறு. நான்தான் மாத்தி எழுதிட்டேன். கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

பாத்துக்கறேன்டா என்றேன். திருத்தினேன். நல்லவேளை சொன்னே என்று நன்றி வேறு.

மார்ச் 12
அனுப்பியாயிற்று.

ஜூன் 18
கட்டுரை வெளியாகிப் பத்து நாள். இன்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு துறைக்கே வந்துவிட்டாள், கையில் அச்சுப்பிரதி. பேராசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இவளைக் கேளு. மேற்கோள் பூரா இவ பொறுப்பு."

அடப்பாவி மனுஷா —

"எண்ணெல்லாம் தானா மாறும்போது... விட்டுப்போச்சும்மா. சாஃப்ட்வேர் கோளாறு" என்றேன்.

"பதினோரு எடத்துலயுமா, அக்கா?"

எண்ணியிருக்கிறாள். முகப்புப் பேரைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்? அதுக்கும் ஒரு பொய் வச்சிருந்தேன்.

குழந்தை என் அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்து இழுத்தது. அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். போய்விட்டாள்.

ஜூன் 20
என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். "கெட்டிக்காரி" என்றார். சிரித்தேன்.

பிப்ரவரி 11
அப்பாவுக்குக் காது சரியாகவே கேட்பதில்லை. கருவி வாங்கக் கூட்டிப்போனேன். கடையில் காது சோதிக்கும் பெண் வெள்ளைக் கோட்டில் திரும்பினாள் — சின்னவள். ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இங்கே இருப்பாள் என்று தெரியாது.

அப்பா ஊருக்கே கேட்கிற மாதிரி, "எம் பொண்ணு டாக்டர் பட்டம் வாங்கினவம்மா! காதைப் பத்திதான் ஆராய்ச்சி!"

"அப்படிங்களா ஐயா? ரொம்ப சந்தோஷம்."

அவர் நரைமுடியை ஒதுக்கி, சோதிக்கிற ஹெட்ஃபோனை வலிக்காமல் காதில் மாட்டிவிட்டாள். "சத்தம் கேட்டா கையைத் தூக்கணும், சரிங்களா?" பிறகு என் பக்கம் திரும்பி, "முடியற வரைக்கும் நீங்க வெளிய உக்காருங்க, மேடம்."

கதவைச் சாத்தினாள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கையைத் தூக்கினார், அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள், குறித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.